ஞானப்பல் எடுத்த பிறகு வலியும் வீக்கமும் குறைய: முதல் மணி நேரத்திலிருந்து இரண்டாவது வாரம் வரை

ஞானப்பல் எடுத்துவிட்டு வெளியே வரும்போது வலி இருக்காது. பாதி உதடு, கன்னம், நாக்கின் ஒரு பக்கம் எல்லாம் மரத்துப்போய், பஞ்சைக் கடித்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்திருப்போம். இதற்கா இத்தனை பயந்தோம் என்றுகூடத் தோன்றும். அன்று ராத்திரி எப்படிக் கழியும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது, வலியே இல்லாத அந்த மூன்று நான்கு மணி நேரத்தில் நாம் செய்வதும் செய்யாமல் விடுவதும்தான்.

எனக்குக் கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் ஞானப்பல் எடுத்தாயிற்று. இரண்டுமே எலும்புக்குள் படுத்துக் கிடந்த பற்கள். ஈறைக் கீறி, எலும்பைக் கொஞ்சம் அராவி, பல்லைத் துண்டாக்கித்தான் எடுத்தார்கள். முதல் தடவை, வலிதான் இல்லையே என்று மாத்திரையை எடுத்து வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். இரவு பதினோரு மணிக்குத் தாடையிலிருந்து காது வரை இழுத்த இழுப்பில் எழுந்தேன். அப்புறம் போட்ட மாத்திரை வேலை செய்ய ஒரு மணி நேரம் ஆனது. மூன்றாம் நாள் காலையில் கண்ணாடியைப் பார்த்தால் ஒரு பக்கக் கன்னம் கொழுக்கட்டை மாதிரி இருந்தது. சீழ் வைத்துவிட்டது என்று பயந்து, மருந்துக்கடையில் ஏதாவது வாங்கிப் போடக் கிளம்பிவிட்டேன். இரண்டு வருடம் கழித்து மறுபக்கம் எடுத்தபோது அந்த அவஸ்தை இல்லை. மருந்து ஏறக்குறைய அதேதான். எது எப்போது வரும் என்பது இந்தத் தடவை தெரிந்திருந்தது.

வலி உச்சத்துக்குப் போவது முதல் நாள் மாலையிலிருந்து இரவுக்குள். வீக்கம் உச்சத்துக்குப் போவது இரண்டாம் நாள் முடிவிலிருந்து மூன்றாம் நாளுக்குள். குழி காய்ந்துபோகும் ‘ட்ரை சாக்கெட்’ தொல்லை வந்தால், அது பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் வரும். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பல் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு இதற்கெல்லாம் மேல். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், ஆஸ்துமா, கர்ப்பம், ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரை என எது இருந்தாலும், பல் எடுக்கும் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்கள் அதையும் சொல்ல வேண்டும்; ட்ரை சாக்கெட் வரும் வாய்ப்பை அது கொஞ்சம் கூட்டுகிறது. ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது.

முந்தின நாளே செய்து வைக்க வேண்டியவை

பல் எடுத்த பிறகு கடைக்குப் போகும் நிலையில் இருக்க மாட்டீர்கள். முந்தின நாளே ஃப்ரீசரில் ஐஸ் தட்டு நிரப்பி வையுங்கள். உறைந்த பச்சைப் பட்டாணி பாக்கெட் கிடைத்தால் இன்னும் நல்லது. கன்னத்தின் வளைவுக்கு ஏற்ற மாதிரி படிந்து உட்காரும். தயிர், கல் உப்பு, கேழ்வரகு மாவு, கூடுதலாக ஒரு தலையணை, மெல்லிய இரண்டு துண்டு எல்லாம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். மாத்திரைச் சீட்டை முன்கூட்டியே வாங்க முடிந்தால் வாங்கி வைத்துவிடுங்கள்.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது வீக்கத்தின் மூன்றாம் நாளைக் கணக்கில் வையுங்கள். வெள்ளிக்கிழமை எடுத்தால் முகம் அதிகம் வீங்கும் நாள் ஞாயிறோடு போய்விடும். கல்யாணம், நேர்காணல், தேர்வு என்று எதாவது இருந்தால் குறைந்தது பத்து நாள் இடைவெளி விடுங்கள்.

முதல் ஒரு மணி நேரம்: பஞ்சு

மருத்துவர் வைத்துவிட்ட காஸ் பஞ்சை 30 முதல் 45 நிமிடம் வரை அழுத்திக் கடித்திருக்க வேண்டும். பேசக்கூடாது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்த்து மறுபடி வைக்கவும் கூடாது. அந்த அழுத்தத்தில்தான் குழிக்குள் ரத்தம் உறைந்து மூடி மாதிரி உட்காருகிறது. கீழே திறந்து கிடக்கும் எலும்பையும் நரம்பு முனைகளையும் காப்பது அந்த உறைந்த ரத்தம்தான். இந்த ஒரு வாரம் நாம் செய்யும் பாதி வேலை அதைக் காப்பாற்றுவதற்காகவே.

எச்சில் ஊறினால் விழுங்கிவிடுங்கள், துப்ப வேண்டாம். துப்பும்போது வாய்க்குள் ஏற்படும் இழுப்பே ரத்தக்கட்டியைப் பெயர்த்துவிடும். எச்சில் இளஞ்சிவப்பாக வருவது 24 மணி நேரம் வரை சாதாரணம். ஒரு சொட்டு ரத்தம் வாய் நிறைந்த எச்சிலில் கலந்தால் பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். கட்டி கட்டியாக, சுத்த ரத்தமாக வந்தால் புதுப் பஞ்சைச் சுத்தமான தண்ணீரில் லேசாக நனைத்துப் பிழிந்து, குழியின் மேல் வைத்து இன்னும் 30 நிமிடம் கடியுங்கள். பஞ்சு இல்லாவிட்டால், வெந்நீரில் நனைத்து ஆறவைத்துப் பிழிந்த தேயிலைப் பை ஒன்று போதும். தேயிலையின் துவர்ப்பு ரத்தம் உறைய உதவும். அதற்கும் நிற்காவிட்டால் மருத்துவரை அழைக்க வேண்டும்.

மரப்பு விலகும் முன் முதல் மாத்திரை

இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள்.

கீழ்த்தாடைக்குப் போடும் மரப்பு ஊசி பெரும்பாலும் மூன்றிலிருந்து ஐந்து மணி நேரம் நிற்கும். வலி மாத்திரை வயிற்றுக்குள் போய் முழுதாக வேலை செய்ய ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும். ஆகவே உதடு சுருக் சுருக்கென்று குத்த ஆரம்பிக்கும் முன்பே முதல் மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும். பஞ்சை எடுத்த பிறகு ஆறின கஞ்சியோ தயிரோ கொஞ்சம் விழுங்கிவிட்டு மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் போட்டால் எரியும்.

எந்த மாத்திரை? காயம் பட்ட இடத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது. வலியையும் வீக்கத்தையும் கூட்டுவதில் அதற்குப் பெரிய பங்கு. ஐபுபுரூஃபன், அசிக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் அது உருவாவதையே தடுக்கின்றன. பாரசிட்டமால் வேறு வழியில் வலியைக் குறைக்கிறது. இரண்டையும் சேர்த்து எடுத்தால் தனித்தனியாக எடுப்பதைவிட நன்றாகக் கேட்கும். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், பல் எடுத்த பிறகு வரும் வலிக்கு முதல் மருந்தாக ஐபுபுரூஃபன் வகையைத்தான் சொல்கிறது. தனியாகவோ பாரசிட்டமாலோடு சேர்த்தோ. போதை தரும் வலிநிவாரணிகளை முதலில் எடுக்க வேண்டாம் என்பதும் அதில் உண்டு. பெரியவர்களுக்கு வழக்கமான அளவு ஐபுபுரூஃபன் 400 மி.கி., பாரசிட்டமால் 500 மி.கி. மருத்துவர் சொல்லாமல் ஐபுபுரூஃபன் ஒரு நாளைக்கு 1200 மி.கி.க்கு மேல் போகக்கூடாது. பாரசிட்டமாலுக்கு ஒரு நாளின் உச்ச அளவு 4 கிராம். மூன்று கிராமுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது.

நம் ஊரில் பலரும் தவறிப்போகிற ஒரு இடம் இருக்கிறது. பல் மருத்துவர் எழுதித் தரும் மாத்திரை பெரும்பாலும் கலவை மாத்திரை: அசிக்ளோஃபெனாக் 100 மி.கி.யும் பாரசிட்டமால் 325 மி.கி.யும் ஒன்றாக இருக்கும். காலை ஒன்று, இரவு ஒன்று. நடுவில் வலித்தால் வீட்டில் இருக்கும் காம்பிஃப்ளாமைப் போடத் தோன்றும். அதில் இருக்கும் ஐபுபுரூஃபன், அசிக்ளோஃபெனாக்கின் இனமேதான். இரண்டையும் சேர்த்துப் போட்டால் வலி கூடுதலாகக் குறையாது. வயிற்றுப்புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரும் வாய்ப்புத்தான் கூடும். நடுவில் வலித்தால் வெறும் பாரசிட்டமால் போடலாமா, எவ்வளவு என்று மருத்துவரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் கலவைப் பெயர்களைப் படிப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

ஆஸ்பிரின் மட்டும் வலிக்காகப் போடவே வேண்டாம், ரத்தம் நிற்காது. காய்ச்சலும் உடல்வலியும் சேர்ந்து வந்து, ஊரில் டெங்கு நடமாடும் மழைக்காலமாக இருந்தால் ஐபுபுரூஃபன், அசிக்ளோஃபெனாக் இரண்டையும் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் மாத்திரையை நேரம் பார்த்துப் போடுங்கள். வலி வந்த பிறகு துரத்திப் பிடிப்பது கடினம். இரண்டாவது தடவை நான் கைபேசியில் அலாரம் வைத்து, போட்ட மாத்திரையைக் காகிதத்தில் குறித்து வைத்தேன். அரைத்தூக்கத்தில் எதைப் போட்டோம் என்று மறந்துபோகும். அந்தக் காகிதம்தான் என்னைக் காப்பாற்றியது. மூன்றாம் நாளுக்கு அப்புறம் வலி குறையக் குறைய மாத்திரையையும் குறைத்துக்கொண்டே வரலாம்.

ஆன்டிபயாட்டிக் கொடுத்திருந்தால் கொடுத்த நாள் கணக்கு முடியும் வரை போட வேண்டும். கொடுக்காவிட்டால் நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். மெட்ரோனிடசோல் இருந்தால் மது அறவே கூடாது, மாத்திரை முடிந்து மூன்று நாள் வரை.

ஐஸ்: முதல் இரண்டு நாள் மட்டும்

குளிர் பட்டால் ரத்த நாளங்கள் சுருங்கும், திசுக்களுக்குள் நீர் கசிவது குறையும், நரம்பும் கொஞ்சம் மந்தமாகும். மாத்திரை அளவுக்கு இது பெரிய ஆயுதம் இல்லை. ஆனால் செலவில்லாதது, உடனே இதம் தருவது.

ஈரத் துண்டில் ஐஸைச் சுற்றி, தாடையின் மூலையில் காதுக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். 15 முதல் 20 நிமிடம் வைத்தால் அதே அளவு நேரம் எடுத்துவிட வேண்டும். விழித்திருக்கும் நேரம் முழுக்க இப்படி மாற்றி மாற்றி. ஐஸை நேரடியாகத் தோலில் வைக்கக்கூடாது. கன்னம் மரத்திருக்கும்போது தோல் வெந்துபோனாலும் தெரியாது. அதை வைத்துக்கொண்டே தூங்கிவிடவும் கூடாது. 48 மணி நேரத்துக்கு அப்புறம் ஐஸால் பெரிய பலன் இல்லை.

மரப்பு இருக்கும்போது இன்னொரு ஆபத்து, கன்னத்தையும் உதட்டையும் தெரியாமல் கடித்துக்கொள்வது. என் அக்கா மகனுக்குப் பல் எடுத்த அன்று, மரத்துப்போன உதட்டை விளையாட்டாகக் கடித்துக்கொண்டே இருந்தான். மறுநாள் பல் எடுத்த குழியைவிட உதட்டுப் புண்தான் அவனைப் பாடாய்ப் படுத்தியது. உணர்வு முழுதாக வரும் வரை மெல்ல வேண்டியதும் சூடாக இருப்பதும் வேண்டாம்.

முதல் இரவு

தலையை உயர்த்திப் படுங்கள். இரண்டு தலையணை, அல்லது சுவரில் சாய்ந்து அரைவாசி உட்கார்ந்த நிலை. மட்டமாகப் படுத்தால் தலைக்கு ரத்த ஓட்டம் கூடி, தெறிப்பும் வீக்கமும் கூடும். எடுத்த பக்கம் திரும்பிப் படுக்காதீர்கள். தலையணை உறைமேல் பழைய துண்டு ஒன்றை விரித்துவிடுங்கள், கறை படியலாம்.

அன்று வாய் கொப்பளிக்கவே கூடாது. குனிந்து எடை தூக்குவது, உடற்பயிற்சி, வெயிலில் அலைவது எதுவும் வேண்டாம். கபாலபாதி மாதிரி மூச்சை வேகமாகத் தள்ளும் பயிற்சிகளையும், நாதஸ்வரம், புல்லாங்குழல் வாசிப்பவர்கள் வாசிப்பதையும் எப்போது தொடங்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மேல் ஞானப்பல் எடுத்தவர்கள் மூக்கைச் சிந்தக்கூடாது. அந்தப் பல்லின் வேருக்குப் பக்கத்திலேயே சைனஸ் அறை இருக்கிறது.

மற்ற பற்களை அன்றிரவே மெதுவாகத் துலக்கலாம், குழிப் பக்கம் போகாமல். பேஸ்ட் நுரையைத் துப்பாமல், தலையைச் சாய்த்து அதுவாக விழ விடுங்கள்.

24 மணி நேரம் கழிந்ததும்: உப்புத் தண்ணீர்

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு. சாப்பிட்ட ஒவ்வொரு முறையும், படுக்கும் முன்னும், ஆக ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. கன்னத்தை உப்பி ‘புளிச் புளிச்’ என்று கொப்பளிக்கக்கூடாது. தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்த்து, பிறகு வாயைத் திறந்து தொட்டியில் விழ விடுங்கள். ஒரு வாரம் இதை விடாமல் செய்தால் போதும்.

குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் கொடுத்திருந்தால் காலை, இரவு மட்டும். பேஸ்ட் போட்டுத் துலக்கிய உடனே அதை ஊற்றினால் பலன் குறையும், அரை மணி நேரமாவது விடுங்கள். காபி, டீ அதிகம் குடிப்பவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறை படியும். அது பிறகு சுத்தம் செய்தால் போய்விடும். ஆயில் புல்லிங் வழக்கம் உள்ளவர்கள் குழி ஆறும் வரை அதை நிறுத்தி வைக்க வேண்டும். பத்து நிமிடம் எண்ணெயை இழுத்துக் கொப்பளிப்பதைப் போல அந்த ரத்தக்கட்டிக்கு எதிரி வேறில்லை.

என்ன சாப்பிடுவது?

வலியில் சாப்பிடாமல் கிடப்பவர்கள்தான் அதிகம் துவண்டுபோகிறார்கள். வெறும் வயிற்றில் மாத்திரை வேறு. நம் அடுக்களையில் இதற்கென்றே செய்த மாதிரி எத்தனையோ இருக்கின்றன.

முதல் நாள் எல்லாமே ஆறினதாகவோ குளிர்ச்சியாகவோ இருக்க வேண்டும். மோர் கரைத்த கேழ்வரகுக் கூழ், குழையப் பிசைந்த தயிர்சாதம், வாழைப்பழம் மசித்தது, இளநீர், மோர், வெறும் வெண்ணிலா ஐஸ்கிரீம். இளநீரை ஸ்ட்ரா போட்டுக் குடிக்கவே கூடாது. டம்ளரில் ஊற்றித்தான் குடிக்க வேண்டும். இளநீர்க் கடையில் நின்று பழக்கத்தில் ஸ்ட்ராவை வாயில் வைத்துவிடுவோம். அந்த ஒரு உறிஞ்சலில் உண்டாகும் இழுப்பு, குழிக்குள் உட்கார்ந்திருப்பதைப் பெயர்த்து எடுக்கப் போதும். ஜூஸ், மில்க்‌ஷேக் எல்லாவற்றுக்கும் இதே விதி, ஒரு வாரத்துக்கு.

இரண்டாம் நாளிலிருந்து பாலில் ஊறின இட்லி, மிளகு போடாத குழைந்த பொங்கல், பருப்பு மசித்த சாதம், நன்கு வெந்த உருளைக்கிழங்கு, மெத்தென்று செய்த முட்டைப் பொரியல், பல் எடுக்காத பக்கத்தில் வைத்து மெல்லலாம். டீயும் காபியும் ஆற்றிக் குடியுங்கள். காரம், புளிப்பு, கொதிக்கும் ரசம் ஒரு வாரம் வேண்டாம். முறுக்கு, மிக்சர், தட்டை, அப்பளம் இன்னும் தள்ளிப் போகட்டும்; உடையும் ஒவ்வொரு சில்லும் ஈறைக் கிழிக்கும்.

தாளிப்பை மறந்துவிடாதீர்கள். தயிர்சாதம் மெத்தென்றுதான் இருக்கும், அதிலிருக்கும் கடுகு அப்படியில்லை. முதல் தடவை எட்டாம் நாள் உப்புத் தண்ணீரைத் தொட்டியில் விட்டபோது, அதோடு ஒரு கடுகு வந்து விழுந்தது. எத்தனை நாளாய் அந்தக் குழிக்குள் இருந்ததோ தெரியாது, இரண்டு நாளாக ஒரு நாற்றம் இருந்தது மட்டும் அதோடு போயிற்று. இரண்டாவது தடவை இரண்டு வாரம் தாளிக்காமலே சாப்பிட்டேன். எள், ரவை, தக்காளி விதை, கொய்யா விதை எல்லாமே இந்தக் கணக்கில் வரும்.

புகை பிடிப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சிகரெட்டோ பீடியோ, இழுக்கும் இழுப்பு ஒரு பக்கம், நிக்கோட்டின் ரத்த நாளத்தைச் சுருக்குவது இன்னொரு பக்கம். மூன்று நாளாவது தொடாதீர்கள், ஒரு வாரம் என்றால் மிக நல்லது. வெற்றிலை பாக்கு, புகையிலையும் வேண்டாம்.

மூன்றாம் நாள் காலைக் கண்ணாடி

முகம் நேற்றைவிடப் பெரிதாக இருக்கும். வாய் ஒரு விரல் அளவுக்குமேல் திறக்காது. கன்னத்திலோ கழுத்திலோ நீலமும் மஞ்சளுமாகக் கன்றியிருக்கலாம். இது எல்லோருக்கும் இந்த அளவு வராது; எலும்பை அராவி எடுத்தவர்களுக்கு அதிகம், நேராக முளைத்த மேல்பல் எடுத்தவர்களுக்குக் கொஞ்சம்தான். பயப்பட வேண்டியதில்லை. காய்ச்சல் இல்லாமல், வலி முந்தின நாளைவிடக் குறைந்துகொண்டே வந்தால், இது உடம்பு காயத்தை ஆற்றும் வேலைதான். நான்காம் நாளிலிருந்து வடியத் தொடங்கி, ஒரு வாரம் பத்து நாளில் முகம் பழையபடி ஆகிவிடும்.

அன்றிலிருந்து ஐஸுக்குப் பதில் வெந்நீர் ஒத்தடம். துண்டைச் சூடான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, கை தாங்கும் சூட்டில், தாடை மூலையில் 20 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. முதல் நாளே சூடு கொடுத்தால் வீக்கம் கூடும், ரத்தமும் கசியும். ஐஸும் ஒத்தடமும் இடம் மாறிப்போவதுதான் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு. தைலம் தேய்த்து அழுத்தி நீவுவதும் வேண்டாம்.

வாய் திறக்காததற்குக் காரணம் மெல்லும் தசைகள் ஊசியாலும் வீக்கத்தாலும் இறுகிப்போவது. ஒத்தடம் கொடுத்த உடனே, வலி வரும் எல்லை வரை மெதுவாக வாயைத் திறந்து, ஐந்து நொடி நிறுத்தி மூடுங்கள். ஒரு தடவைக்குப் பத்து முறை, நாளைக்கு நாலைந்து தடவை. முன்பற்களுக்கு இடையே விரல் நுழைத்துக் கணக்கு வைத்துக்கொள்ளலாம்: ஒரு விரல், இரண்டு விரல், கடைசியில் மூன்று விரலும் செங்குத்தாக நுழைந்தால் பழைய நிலைக்கு வந்தாயிற்று. இதற்கு இரண்டு வாரம் வரை ஆகலாம்.

வலி குறைந்துவிட்டுத் திரும்ப ஏறினால்

இதுதான் ட்ரை சாக்கெட்டின் முகம். இரண்டு நாள் வலி தேய்ந்துகொண்டே வரும். அப்புறம் மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, தாடைக்குள்ளிருந்து காதுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் தெறிக்கும் வலி தொடங்கும். மாத்திரைக்கு அடங்காது. வாயில் கெட்ட நாற்றம், கெட்ட சுவை. கண்ணாடியில் டார்ச் அடித்துப் பார்த்தால் குழிக்குள் கருஞ்சிவப்புக் கட்டி இருக்க வேண்டிய இடம் காலியாக, வெளிறிய எலும்பு தெரியும். வெள்ளையாகவோ மஞ்சளாகவோ மெல்லிய படலம் மூடியிருந்து வலியும் இல்லையென்றால், அது ஆறிவரும் அடையாளம். அதைக் குச்சியால் சுரண்டிவிடாதீர்கள்.

ட்ரை சாக்கெட் ஆபத்தான நோய் இல்லை. ஆனால் வீட்டில் தாங்கிக்கொண்டு இருக்க வேண்டியதும் இல்லை. மருத்துவர் குழியைக் கழுவி, மருந்து தோய்த்த திரியை உள்ளே வைப்பார். பல பேருக்கு அங்கேயே, நாற்காலியிலிருந்து எழுவதற்குள் வலி பாதியாகிவிடும். திரியை மாற்ற இரண்டு மூன்று தடவை போக வேண்டியிருக்கும்.

“கிராம்புத் தைலத்தைப் பஞ்சுல நனைச்சு வச்சுடுப்பா, எல்லாம் சரியாயிடும்” என்று எங்கள் அத்தை சொன்னார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. மருத்துவர் வைக்கும் அந்தத் திரியிலும் பெரும்பாலும் இருப்பது கிராம்பின் சத்தான யூஜினால்தான். ஆனால் அது அளவாகச் சேர்த்த மருந்து, கழுவிச் சுத்தம் செய்த குழியில் வைப்பது. வீட்டில் இருக்கும் தைலத்தை அப்படியே புதுக் காயத்தில் ஊற்றினால் ஈறு வெந்துபோகும். பெருங்காயம் திணிப்பது, கல் உப்பு வைத்துக் கடிப்பது, மஞ்சள் பற்று, சிலர் செய்வது போல ஆஸ்பிரின் மாத்திரையை நசுக்கி வைப்பது, எதுவுமே குழிக்குள் போகக்கூடாது. சொத்தைப் பல்வலிக்குச் சொன்ன கைவைத்தியத்தைத் திறந்த எலும்புக்குச் செய்ய முடியாது.

இவை வந்தால் காத்திருக்காதீர்கள்

30 நிமிடம் அழுத்திக் கடித்தும் நிற்காத ரத்தம். 101 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும் காய்ச்சல். மூன்றாம் நாளுக்கு அப்புறம் வடியாமல் பெருகும் வீக்கம், சீழ், தொட்டால் கல் மாதிரி இறுகிய தாடை. மரப்பு ஊசியின் நேரம் முடிந்து மறுநாளும் உதடோ நாக்கோ தாடையோ உணர்வில்லாமல் இருப்பது. கீழ் ஞானப்பல்லின் வேருக்கு அருகில் நரம்பு ஓடுகிறது, ஆகவே இதை உடனே மருத்துவரிடம் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். மேல்பல் எடுத்தவர்களுக்குக் குடிக்கும் தண்ணீர் மூக்கு வழியே வருவது. மாத்திரை போட்ட பின் உடம்பெல்லாம் தடிப்பு.

எச்சில்கூட விழுங்க முடியாமல், நாக்குக்கு அடியில் வீங்கித் தூக்கிக்கொண்டு, குரல் மாறி, மூச்சு இழுத்தால் அது பல் மருத்துவரின் நேரத்துக்குக் காத்திருக்கும் விஷயமில்லை. கழுத்துக்குள் கிருமி பரவி மூச்சுக்குழலை அடைக்கும் நிலை அது. உடனே 108ஐக் கூப்பிட்டு, அவசர சிகிச்சைப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும், நடு ராத்திரியானாலும்.

முதல் வாரத்துக்கு அப்புறம்

கறுப்பு நூல் தையல் என்றால் ஏழாம் நாள் வாக்கில் பிரிக்கக் கூப்பிடுவார்கள். கரையும் நூலாக இருந்தால் ஒன்று இரண்டு வாரத்தில் தானாக உதிரும். சாப்பிடும்போது நூல் துண்டு நாக்கில் பட்டால் கலங்க வேண்டாம். பிரிப்பது வலிக்காது, கிள்ளுகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

தையல் போன பிறகும் குழி இருக்கும். சோற்றுப் பருக்கை போய் உட்காரும். பல்குத்தும் குச்சியைக் கொண்டு போகாதீர்கள். முனை வளைந்த பிளாஸ்டிக் சிரிஞ்சில் உப்புத் தண்ணீரை நிரப்பி, மெதுவாக அடித்துக் கழுவலாம். அதை எந்த நாளில் தொடங்குவது என்பதை மருத்துவர் சொல்வார், பெரும்பாலும் ஐந்தாம் நாளுக்குப் பிறகு. கண்ணாடி முன் நின்று சிரிஞ்சின் முனையைக் குழியின் விளிம்பில் வைத்து அழுத்தினால், முந்தின நாள் சாதம் வெளியே வருவதை நீங்களே பார்க்கலாம்.

ஈறு மேலே மூட மூன்று நான்கு வாரம் ஆகும். உள்ளே எலும்பு நிரம்பப் பல மாதம் பிடிக்கும், ஆனால் அது தெரியாமலே நடக்கும். மூன்றாவது வாரம் அந்தப் பக்கத்தில் தோசையை மென்று பாருங்கள். வலி இல்லை, எதுவும் குத்தவில்லை என்றால் தாளிப்பைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம்.